ஆறு ஊசியும் ஒரு டெக்ஸா குப்பியும்

போன மாதப் பௌர்ணமிக்கு என் தங்கை வீட்டு மாப்பிள்ளையும் நானும் கிரிவலம் போனோம். அவருக்கு இப்போது 66 வயது. நடை கொஞ்சம் மெதுவாகிவிட்டது. அடிஅண்ணாமலை தாண்டி, வாயு லிங்கத்துக்கு முன்னால் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். பக்கத்தில் இருந்தவர் எந்த ஊர், என்ன வேலை என்று விசாரித்தபடி பேச்சுக் கொடுத்தார். பேச்சு எங்கே தொடங்கினாலும் நம் மாப்பிள்ளை அதை 2021 மே மாதத்துக்குக் கொண்டுவந்து விடுவார். அன்றும் அப்படித்தான். "பதினோரு நாள் ஆக்சிஜன்ல இருந்தேங்க. மெட்ராஸ்ல போய் க்யூவுல நின்னு ஆறு ஊசி வாங்கியாந்தாங்க. அந்த ஊசி இல்லேன்னா இன்னிக்கு நான் மலை சுத்த முடியுமா?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "என்ன மச்சான், சொல்லுங்க" என்றார்.

நான் தலையை ஆட்டி வைத்தேன். 31 வருஷம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருந்தாளுநராக இருந்தவன் நான். அவர் சொன்னதை ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. டீக்கடையில் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். அந்த இரண்டு வருஷத்தை நம்மில் யாரும் மறக்கவில்லை என்பதால் பொறுத்துக்கொண்டு படிப்பீர்கள் என்று நம்புகிறேன்.

முதலில் நோயைப் பற்றி. நம் நுரையீரலில் 30 கோடிக்கும் மேற்பட்ட குட்டிக் காற்றுப்பைகள் இருக்கின்றன. மூச்சில் வரும் ஆக்சிஜன் அங்கேதான் ரத்தத்துக்குள் போகிறது. அந்தப் பைகளில் சளியும் நீரும் சேர்ந்து அடைத்துக்கொண்டால் அதுதான் நிமோனியா. பாக்டீரியாவால் வந்தால் பென்சிலின் வகை மருந்துகள் கேட்கும். வைரஸால் வந்தால் அவை கேட்காது. வைரஸ் நிமோனியாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. முதல் வாரம் வைரஸ் பெருகுகிறது. அதற்குப் பிறகு சிலருக்கு உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அளவு மீறிப் பொங்கி, தன் நுரையீரலையே புண்ணாக்குகிறது. திருடனை விரட்ட வைத்த தீயில் வீடே பற்றிக்கொள்கிற மாதிரி. முதல் கட்டத்தில் வைரஸை அடிக்க வேண்டும், இரண்டாம் கட்டத்தில் தீயை அணைக்க வேண்டும். எந்த மருந்தை எந்த நாளில் கொடுப்பது என்பதுதான் எல்லாமே. இது தெரியாமல்தான் உலகம் நூறு வருஷம் தடுமாறியது.

கொள்ளை நோய் நம் ஊருக்குப் புதிதல்ல. 1905இல் இங்கே பிளேக் வந்தபோது ஜனங்கள் ஊரைக் காலி செய்துகொண்டு போனார்கள். மலைக் குகையில் இருந்த ரமண மகரிஷி அப்போது சுமார் ஆறு மாதம் பச்சையம்மன் கோயிலில் தங்கியிருந்தார் என்பது ஆசிரமம் போய்வருகிறவர்களுக்குத் தெரியும். பிளேக் எலியோடும் அதன் தெள்ளுப்பூச்சியோடும் வருவது, ஊரை விட்டு விலகினால் தப்பலாம். 1918இல் வந்த இன்ஃப்ளூயன்சா காற்றில் வந்தது, விலகிப் போக இடமில்லை. ஜூன் மாதம் பம்பாயில் தொடங்கி, ரயில் போன ஊருக்கெல்லாம் போனது. இந்தியாவில் மட்டும் 1.2 கோடி முதல் 1.8 கோடி பேர் வரை இறந்திருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். அதிலும் 20 முதல் 40 வயதுக்காரர்கள்தான் அதிகம். குழந்தையும் கிழவரும் பிழைத்து, நடுவில் சம்பாதிக்கிற ஆள் போன வீடுகள் எத்தனையோ.

அன்றைய டாக்டர்கள் கையில் என்ன இருந்தது? குவினைன், ஆஸ்பிரின், கற்பூரம், பிராந்தி. அந்த நோய்க்குக் காரணம் வைரஸ் என்பதே அப்போது தெரியாது. மனித இன்ஃப்ளூயன்சா வைரஸைப் பிரித்தெடுத்தது 1933இல்தான். ஆனாலும் சில நாடுகளில் ஒரு யோசனை செய்து பார்த்தார்கள். நோய் வந்து பிழைத்தவரின் ரத்தத்திலிருந்து சீரம் எடுத்து நோயாளிக்குச் செலுத்துவது. தொண்டை அடைப்பான் நோய்க்குக் குதிரைச் சீரம் கொடுத்துப் பலன் கண்டிருந்ததால் இதுவும் வேலை செய்யும் என்று நம்பினார்கள். சிலர் பிழைத்தார்கள், சிலர் போனார்கள். பிழைத்தவர் சீரத்தால் பிழைத்தாரா, கொடுக்காவிட்டாலும் பிழைத்திருப்பாரா என்று சொல்ல வழியில்லை. எங்கள் மாப்பிள்ளை கதையில் வருகிற கேள்வியும் இதுவேதான்.

இந்தக் கேள்விக்கு விடை கண்டுபிடிக்கும் முறை 1948இல் வந்தது. இங்கிலாந்தில் ஸ்ட்ரெப்டோமைசின் என்ற புது மருந்தைக் காசநோய்க்குப் பரிசோதித்தார்கள். மருந்து எல்லோருக்கும் போதாது. ஆகவே 107 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, 55 பேருக்கு மருந்தும் படுக்கை ஓய்வும், 52 பேருக்கு ஓய்வு மட்டும் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் மருந்து எடுத்தவர்களில் 4 பேரும், எடுக்காதவர்களில் 14 பேரும் இறந்தார்கள். இளைஞர், கிழவர், பணக்காரர், ஏழை எல்லோரும் இரண்டு பக்கமும் குலுக்கலில் கலந்துவிடுவதால், வித்தியாசத்துக்குக் காரணம் மருந்துதான் என்று துணிந்து சொல்லலாம்.

இது ஏதோ வெள்ளைக்காரர் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். 1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்து ஆய்வு மையம் ஒன்றைத் தொடங்கினார்கள். வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கில டாக்டர் அதற்குத் தலைமை. காசநோய் என்றால் சானடோரியத்தில் படுத்து, பாலும் முட்டையும் சாப்பிட்டால்தான் குணமாகும் என்பது உலகம் முழுக்க அப்போதைய நம்பிக்கை. சென்னையின் ஏழை நோயாளிகளைக் குலுக்கலில் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்திலும் மறுபாதியை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மருந்து கொடுத்தார்கள். நெருக்கடியான வீடு, அரைகுறைச் சாப்பாடு. அப்படியிருந்தும் வீட்டில் இருந்தவர்கள் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். 1959இல் வெளிவந்த அந்த முடிவுக்குப் பிறகு காசநோய் வைத்தியமே உலகெங்கும் மாறிப்போனது. நான் மாத்திரை எடுத்துக் கொடுத்த ஒவ்வொரு காசநோயாளியும் வீட்டில் இருந்தபடியே குணமானவர்தான். அந்த மையம்தான் இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

2009இல் பன்றிக் காய்ச்சல் வந்தது நினைவிருக்கும். டாமிஃப்ளூ மாத்திரை அப்போது நம் மாவட்டக் கிடங்குக்கும் வந்தது. அதன் மூலப்பொருளை நம் பிரியாணியில் போடும் அன்னாசிப்பூவிலிருந்து எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் சிலர் அன்னாசிப்பூவைக் கொதிக்க வைத்துக் குடித்தார்கள். அன்னாசிப்பூவில் இருப்பது வெறும் மூலப்பொருள். பல ரசாயன மாற்றங்களுக்குப் பிறகுதான் அது மருந்தாகும். மாத்திரையும் முதல் இரண்டு நாளுக்குள் கொடுத்தால்தான் நன்றாகக் கேட்கும்.

இனி 2020. மார்ச் 7ஆம் தேதி தமிழ்நாட்டில் முதல் தொற்று உறுதியானது. அந்த மாதக் கடைசியில் கோயில் கதவு சாத்தி, கிரிவலம் நின்றது. நவம்பர் 29ஆம் தேதி கார்த்திகை தீபத்தன்று மலை உச்சியில் தீபம் எரிந்தது, கீழே கிரிவலப் பாதை வெறிச்சோடிக் கிடந்தது. மொட்டை மாடியில் நின்று கும்பிட்ட அந்த நாள் உங்களுக்கும் மறந்திருக்காது.

அந்த மாதங்களில் எத்தனை மருந்துகள் பெயர் அடிபட்டன! முதலில் மலேரியாவுக்கும் மூட்டுவாதத்துக்கும் கொடுக்கும் ஹைட்ராக்சிகுளோரோகுயின். மெடிக்கல் கடைகளில் அது கிடைக்காமல் மூட்டுவாதக்காரர்கள் அலைந்தார்கள். பெரிய ஆய்வுகளில், ஆஸ்பத்திரியில் சேர்ந்த கொரோனா நோயாளிகளுக்கு அதனால் பலனில்லை என்று ஜூன் மாதமே தெரிந்துவிட்டது. கபசுரக் குடிநீரை அரசே கொடுத்தது, நானும் குடித்தேன். சித்த மருத்துவத்தின் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அதை வைத்து நடந்த ஆய்வுகள் அறிகுறி இல்லாதவர்களிடமும் லேசான நோய் உள்ளவர்களிடமும்தான் நடந்தன. மூச்சு முட்டிக் கிடக்கிறவருக்கு என்ன செய்வது என்ற கேள்விக்கு அவற்றில் பதில் இல்லை.

பிறகு பிளாஸ்மா வந்தது, 1918இன் அதே பழைய யோசனை. 2020 ஜூலையில் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் தமிழ்நாட்டின் முதல் பிளாஸ்மா வங்கியைத் திறந்தார்கள். அதே நேரத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நாடு முழுவதும் 39 மருத்துவமனைகளில், 464 நோயாளிகளை வைத்துக் குலுக்கல் முறையில் ஒரு ஆய்வை நடத்தி முடித்திருந்தது. முடிவு அக்டோபரில் வெளியானது. பிளாஸ்மா பெற்றவர்களில் 28 நாளுக்குள் நோய் முற்றியவர்களும் இறந்தவர்களும் சேர்த்து 100க்கு 19 பேர். பெறாதவர்களில் 18 பேர். அதாவது பலன் இல்லை. உலகம் பிளாஸ்மாவைக் கொண்டாடிக்கொண்டிருந்தபோது, அது உதவவில்லை என்று குலுக்கல் ஆய்வு செய்து முதலில் சொன்னவர்களில் நம்மவர்களும் உண்டு. 11,000க்கும் அதிகமான நோயாளிகளை வைத்து இங்கிலாந்தில் நடந்த ஆய்வும் அடுத்த ஜனவரியில் அதையே சொன்னது.

இப்போது என் வெட்கத்தைச் சொல்கிறேன். 2021 மே முதல் வாரம் மாப்பிள்ளைக்கு ஆக்சிஜன் அளவு 86க்கு இறங்கியது. ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். ரெம்டெசிவிர் ஆறு ஊசியும், முடிந்தால் பிளாஸ்மாவும் ஏற்பாடு செய்யச் சொன்னார்கள். தங்கை அழுகிறாள். நான் ராத்திரி முழுக்க போனில் பிளாஸ்மா கொடுப்பவரைத் தேடினேன். நம் நாட்டு ஆய்வின் முடிவு வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. வாழ்நாள் முழுவதும் மருந்துகளோடு இருந்த எனக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ள முயற்சியும் செய்யவில்லை. பிளாஸ்மா கிடைக்கவில்லை. மே 17ஆம் தேதி அதைச் சிகிச்சை முறையிலிருந்தே எடுத்துவிட்டார்கள் என்று செய்தி பார்த்தபோது, என்ன நினைப்பது என்றே தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

ரெம்டெசிவிருக்கு அப்போது கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியில் அரசு கவுன்ட்டர் திறந்திருந்தது. பல ஜில்லாக்களிலிருந்து வந்த ஜனம் நடைபாதையில் படுத்துக் காத்திருந்ததை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். என் தங்கை மகனும் அதில் ஒருவன். இரண்டு பகல் ஒரு ராத்திரி நின்று, ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு வந்தான். அதே வாரம் எங்கள் தெருவில் குடியிருந்த ஓய்வு பெற்ற தமிழாசிரியருக்கும் அவர் மகள் அதே ஊசியை வாங்கிக்கொண்டு வந்தாள். இரண்டு பேருக்கும் அதே மருந்து, ஏறக்குறைய அதே வயது. மாப்பிள்ளை வீட்டுக்கு வந்தார். ஆசிரியர் வரவில்லை.

அந்த ஊசியைப் பற்றி அன்று தெரிந்தது என்ன? உலக சுகாதார நிறுவனம் 30 நாடுகளில், 11,000க்கு மேற்பட்ட நோயாளிகளை வைத்து நடத்திய ஆய்வில் அது சாவைக் குறைத்ததாகத் தெரியவில்லை. 2020 நவம்பரில் அதை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள். அமெரிக்காவில் நடந்த வேறொரு ஆய்வில், குணமாகும் நாள் 15லிருந்து 10 ஆகக் குறைந்தது. 2022இல் உலக சுகாதார நிறுவனத்தின் கடைசிக் கணக்கு வந்தபோது கொஞ்சம் தெளிவு கிடைத்தது. வென்டிலேட்டரில் இருந்தவர்களுக்குப் பலன் இல்லை. ஆக்சிஜன் மட்டும் வைத்தவர்களில் ஊசி போடாதவர்கள் 100க்கு 16.3 பேர் இறந்தார்கள், போட்டவர்கள் 14.6 பேர். முதல் வாரத்திலேயே, ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் கொடுத்தால் நல்ல பலன் என்பதும் பிறகு தெரிந்தது. வைரஸை அடிக்கிற மருந்து, வைரஸ் பெருகுகிற நாளில்தானே வேலை செய்யும். நாமோ ஒன்பதாம் நாள், பத்தாம் நாளில் அதைத் தேடி ஓடினோம்.

சரி, எது காப்பாற்றியது? அங்கேதான் எனக்கு ஆச்சரியம். டெக்ஸாமெத்தசோன். நாங்கள் டெக்ஸா என்போம். ஆஸ்துமா இழுப்புக்கும் அலர்ஜிக்கும் போடுகிற அதே ஊசி. 1950களின் மருந்து, சில ரூபாய்தான் விலை. ஒவ்வொரு சுகாதார நிலையத்திலும் என் அலமாரியின் இரண்டாவது தட்டில் அந்தக் குப்பிகள் எப்போதும் இருக்கும்.

அதை ஏன் உடனே கொடுக்கவில்லை? ஸ்டீராய்டு எதிர்ப்புச் சக்தியை அடக்கும். வைரஸ் காய்ச்சலில் கொடுத்தால் வைரஸ் இன்னும் பெருகிவிடும் என்ற பயம். 2003இல் சார்ஸ் வந்தபோது சீனாவிலும் ஹாங்காங்கிலும் நிறைய ஸ்டீராய்டு பெற்ற சிலருக்கு இடுப்பெலும்பு அழுகிப்போன அனுபவமும் இருந்தது. அதனால் 2020 தொடக்கத்தில் இதை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றுதான் அறிவுரை. பயத்தில் நியாயம் இருந்தது, ஆனால் யாரும் சரியாக அளந்து பார்க்கவில்லை. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பீட்டர் ஹார்பி, மார்ட்டின் லாண்ட்ரே என்ற இருவர் தலைமையில் ரெக்கவரி என்ற ஆய்வு மார்ச் மாதம் தொடங்கியது. 2,104 பேருக்கு நாளைக்கு 6 மில்லிகிராம் டெக்ஸா, அதிகபட்சம் பத்து நாள். 4,321 பேருக்கு வழக்கமான சிகிச்சை. நூறே நாளில், ஜூன் 16ஆம் தேதி முடிவு வந்தது.

வென்டிலேட்டரில் இருந்தவர்களில் டெக்ஸா இல்லாமல் 100க்கு 41 பேர் இறந்தார்கள், டெக்ஸாவோடு 29 பேர். ஆக்சிஜன் மட்டும் வைத்தவர்களில் 26 பேர் 23 ஆகக் குறைந்தார்கள். ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை. அவர்களில் டெக்ஸா பெற்றவர்கள்தான் கொஞ்சம் அதிகமாக இறந்தார்கள், அதாவது கெடுதலாகக்கூட இருக்கலாம். மேலே சொன்ன இரண்டு கட்டம் நினைவிருக்கிறதா? தீ பிடித்தவருக்கு அது தண்ணீர். தீ பிடிக்காதவருக்கு அது காவல்காரனைக் கட்டிப்போடுகிற வேலை.

அந்தக் கடைசி வரிதான் நம் ஊர்களில் பலர் காதில் விழவில்லை. மருந்து மலிவு, சீட்டு இல்லாமலும் கிடைத்தது. காய்ச்சல் வந்த இரண்டாம் நாளே ஸ்டீராய்டு விழுங்கியவர்கள் உண்டு. சர்க்கரைக்காரர்களுக்குச் சர்க்கரை ஏறியது. 2021 மே மாதம் கறுப்புப் பூஞ்சை நோய் பரவலாக வந்து கண்ணை இழந்தவர்களும் உயிரை இழந்தவர்களும் உண்டு. கட்டுப்படாத சர்க்கரையும் தாறுமாறான ஸ்டீராய்டும் அதற்கு முக்கியக் காரணங்கள் என்று டாக்டர்கள் சொன்னார்கள்.

மருந்து என்று நாம் எண்ணாத இரண்டையும் சொல்ல வேண்டும். ஒன்று ஆக்சிஜன். அது இல்லையென்றால் மற்ற எதற்கும் அர்த்தமில்லை. தூத்துக்குடியில் மூடிக்கிடந்த ஆலையை ஆக்சிஜனுக்காக மட்டும் திறக்க உச்ச நீதிமன்றம் அனுமதித்தது அந்த நாட்களில்தான். இரண்டாவது, குப்புறப் படுக்க வைப்பது. நுரையீரலின் பின்பக்கப் பைகள் திறந்துகொள்ள அது உதவுகிறது. 2013இல் பிரான்சில் 466 பேரை வைத்து நடந்த ஆய்வில், வென்டிலேட்டரில் இருந்த கடுமையான நோயாளிகளை நாள்தோறும் நீண்ட நேரம் குப்புறப் படுக்க வைத்ததில், சாவு 100க்கு 33லிருந்து 16 ஆகக் குறைந்தது. இதற்கு மருந்துச் செலவு எதுவும் இல்லை. ஆனால் குழாய்கள் நழுவாமல் ஒரு ஆளைத் திருப்ப நான்கைந்து பேர் வேண்டும். கவச உடையில் வேர்த்துக் கொட்டியபடி அந்த வேலையைச் செய்த நர்ஸ்களின் பெயர் எந்தப் பட்டியலிலும் வரவில்லை.

இப்போது மாப்பிள்ளைக்கு வருகிறேன். டிஸ்சார்ஜ் சீட்டை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஆக்சிஜன், பதினோரு நாள். டெக்ஸா 6 மில்லிகிராம், பத்து நாள். ரத்தம் உறையாமல் இருக்க ஊசி. ரெம்டெசிவிர் ஆறு. தினமும் சில மணி நேரம் குப்புறப் படுத்ததையும் நர்ஸ் எழுதியிருக்கிறார். இதில் எது அவரைக் காப்பாற்றியது? அவரைப் போல ஆக்சிஜனில் இருந்த நூறு பேரை எடுத்துக்கொண்டால், இந்த ஊசிகள் எதுவும் இல்லாமலே முக்கால்வாசிப் பேர் பிழைத்திருப்பார்கள். டெக்ஸாவால் இன்னும் மூன்று பேர் பிழைப்பார்கள். ரெம்டெசிவிரால் ஒருவரோ இருவரோ. அந்த மூவரில் ஒருவரா, இருவரில் ஒருவரா, முக்கால்வாசியில் ஒருவரா என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. ஒரு ஆள் பிழைத்ததை வைத்து மருந்தைப் போற்றவும் முடியாது, ஒரு ஆள் போனதை வைத்துத் தூற்றவும் முடியாது.

இதைத்தான் ஆசிரியரின் மகளிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. "ஒரு நாள் முந்தி ஊசி கிடைச்சிருந்தா அப்பா இருந்திருப்பார், இல்லீங்களா சார்?" என்று அவள் மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். போன தை மாதம் வந்தபோது, காகிதத்தில் நூறு புள்ளி வைத்து, இந்தக் கணக்கை எழுதிக் காட்டினேன். "நீ தாமதமா வந்ததால அப்பா போகலை அம்மா. அந்த ஊசி அவ்வளவு பெரிய ஊசி இல்லை" என்றேன். வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

தேடல் முடிந்துவிடவில்லை. கொரோனா நிமோனியாவுக்கு டெக்ஸா உதவியது போல, சாதாரண ஃப்ளூ நிமோனியாவுக்கும் உதவுமா என்று அதே ரெக்கவரி ஆய்வுக்காரர்கள் குலுக்கல் முறையில் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். நம் வயதுக்காரர்களுக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். மூச்சு வாங்கினால் ஆக்சிஜன் அளவு பார்க்கக் கூடிய இடத்துக்கு உடனே போங்கள். வீட்டில் மீந்த ஸ்டீராய்டு மாத்திரையை யாருக்கும் கொடுக்காதீர்கள். வருஷா வருஷம் ஃப்ளூ தடுப்பூசி போடலாமா என்று உங்கள் டாக்டரைக் கேளுங்கள்.

டீக்கடையில் நான் பேசாமல் இருந்தது சரிதான் என்று இப்போதும் நினைக்கிறேன். அவர் மகன் நடைபாதையில் படுத்துக் கிடந்து வாங்கிவந்த ஊசி அது. அவர் சொல்வதெல்லாம் மருந்துக் கணக்கு அல்ல. டீயைக் குடித்துவிட்டு எழுந்தோம். குபேர லிங்கம் வரை அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டே வந்தார்.